டெர்மினல்ல யூசர்கிட்ட கேட்டுட்டு செய்றது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கமாண்ட் லைன் டூல் எழுதுறவங்க, ஆபீஸ்குள்ள நாலு பேர் ஓட்டுற சின்ன ஸ்கிரிப்ட் எழுதுறவங்க, இன்ஸ்டாலர் எழுதுறவங்க எல்லாருக்கும் சேர்த்து எழுதினது இது. ப்ராம்ப்ட்ல ஒரு கேள்வியப் போட்டு யூசர் என்டர் தட்டிட்டா அவர் ஒத்துக்கிட்டார்னு நிறைய டூல்கள் எடுத்துக்குது. அது எனக்கு சரியாப் படல. தெளிவா "சரி"ன்னு வராத எதுவும் "வேண்டாம்"தான்னு வெச்சுக்கிட்டு டூல் எழுதணும், கீழ இருக்குற பதில் எல்லாம் அங்க இருந்துதான் வருது.

கமாண்ட யூசர் தானே டைப் பண்ணார், அதுவே சம்மதம் தானே?

அந்த கமாண்டோட பேர் என்ன சொல்லுதோ அதுக்கு சம்மதம். அதுக்கு மேல நீங்க செய்ற வேலைக்கு இல்ல. ஒரு பேக்கேஜ இன்ஸ்டால் பண்ணச் சொன்னவர் அந்த பேக்கேஜுக்கு ஒத்துக்கிட்டார், அதுக்காக வேற பத்து பேக்கேஜ தூக்குறதுக்கோ, அவரோட பாஷ் கான்ஃபிக் ஃபைல்ல ரெண்டு வரி எழுதுறதுக்கோ, அவர் எந்த கமாண்ட எத்தன தடவ ஓட்டுறார்னு உங்க சர்வருக்கு அனுப்புறதுக்கோ அவர் வாயத் திறக்கவே இல்ல.

பொதுவா மூணு விஷயத்துல கண்டிப்பா கேக்கணும்னு நினைக்கிறேன்: திரும்ப வராத மாதிரி எதையாவது அழிக்கிறது, மெஷின விட்டு டேட்டா வெளிய போறது, டூலோட சொந்த ஃபோல்டருக்கு வெளிய கை வெக்கிறது. காசு செலவாகுற விஷயம் இருந்தா, உதாரணமா கிளவுட்ல சர்வர் ஏத்துறது, அதையும் இதுலயே சேத்துக்கலாம்.

அப்போ எல்லாத்துக்கும் கேட்டுட்டே இருக்கணுமா?

வேண்டவே வேண்டாம். இருபது தடவ கேட்டா இருபத்தொண்ணாவது தடவ யாரும் படிக்க மாட்டாங்க, விரல் தானா "சரி"க்கான ஒய் எழுத்த அடிச்சுடும், அப்புறம் அந்தக் கேள்வி இருந்தும் ஒண்ணுதான் இல்லாமப் போனாலும் ஒண்ணுதான். ஃபைல அழிக்கிற ஆர்எம் கமாண்டுக்கு சின்ன ஐ எழுத்த ஆப்ஷனா போட்டா ஒவ்வொரு ஃபைலுக்கும் கேக்கும், ஆர்எம்னு அடிச்சாலே அந்த ஐ-யும் சேர்ற மாதிரி ஏலியஸா வெச்சவங்க கொஞ்ச நாள்ல ஒவ்வொரு தடவையும் கேக்காம அழின்னு சொல்ற எஃப் சேத்து அடிக்கப் பழகிடுறாங்க, பாதுகாப்பு முன்ன இருந்தத விட கொறஞ்சு போகுது. க்னூ ஆர்எம்ல பெரிய ஐ-ன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, மூணு ஃபைலுக்கு மேல போனாலோ ஃபோல்டரோட சேத்து அழிச்சாலோ ஒரே ஒரு தடவ மட்டும் கேக்கும். இது அளவாப் பட்டது எனக்கு.

கேக்காம இருக்க இன்னும் நல்ல வழி, திருப்பி எடுக்குற மாதிரி செஞ்சுட்டு எப்படி திருப்புறதுன்னு ஒரு வரி சொல்லிட்டுப் போறது. அழிக்கிறதுக்குப் பதிலா ட்ராஷுக்கு நகத்துறது, எழுதுறதுக்கு முன்னாடி பழைய ஃபைல பேக்கப் எடுக்குறது. இன்னொரு வழி, கிட்ல சேக்காத ஃபைல அழிக்கிற கிட் க்ளீன் கமாண்ட் செய்ற மாதிரி செய்றது. அது கேள்வியே கேக்காது, கமாண்டோட சேத்து அடிக்கிற ஆப்ஷனா ஃபோர்ஸ் ஃப்ளாகோ இன்டராக்டிவ் ஃப்ளாகோ குடுக்கலன்னா செய்யவே மாட்டேன்னு நின்னுடும், என்ன அழியும்னு பாக்க தனியா ட்ரை ரன் ஃப்ளாகும் இருக்கு.

எந்த எழுத்தப் பெருசாப் போடணும்? டிஃபால்ட் ஒய்-யா என்-ஆ?

கேள்வி முடிவுல ஒய், என் ரெண்டையும் காட்டுவாங்க, அதுல பெரிய எழுத்துல இருக்குறதுதான் வெறும் என்டருக்கு அர்த்தம்ங்கிறது ரொம்ப காலமா இருக்குற வழக்கம். லினக்ஸ்ல பேக்கேஜ் ஏத்துற ஏபிடி, இன்ஸ்டால் பண்றப்ப தொடரவான்னு கேட்டு ஒய்-ய பெருசாப் போடும், யூசர் கேட்ட வேலையையே செய்யப் போகுது, பிடிக்கலன்னா எடுத்துடலாம், அங்க அது தப்பில்ல. அழிக்கிற வேலையா இருந்தா டிஃபால்ட் என்-தான். டேட்டா அனுப்புறதா இருந்தாலும் என்-தான், இதுல நான் விட்டுக் கொடுக்க மாட்டேன். டெபியன்ங்கிற லினக்ஸ இன்ஸ்டால் பண்றப்ப பாப்புலாரிட்டி கான்டெஸ்ட்ல சேரலாமான்னு ஒரு கேள்வி வரும், எந்த பேக்கேஜ் எவ்வளவு பேர் யூஸ் பண்றாங்கன்னு கணக்கெடுக்குற விஷயம், அதுக்கு டிஃபால்ட் "இல்ல". அவசரத்துல என்டர் தட்டிட்டே போறவரோட டேட்டா வெளிய போகாது.

இன்னொரு வகையும் இருக்கு, டிஃபால்ட்டே இல்லாத கேள்வி. வேற மெஷினுக்குள்ள போக உதவுற எஸ்எஸ்எச்-ல புது சர்வருக்கு முதல் தடவ கனெக்ட் பண்றப்ப "எஸ்"ங்கிற முழு வார்த்தையையும் டைப் பண்ணணும், இல்ல "நோ"ன்னு அடிக்கணும். ஓபன்எஸ்எஸ்எச் 8.0-ல இருந்து சர்வரோட ஃபிங்கர்ப்ரின்ட்டையே, அதாவது அதோட அடையாளக் குறியையே, பேஸ்ட் பண்ணலாம், அது பொருந்தினாத்தான் உள்ள விடும். அந்தக் கடைசி வழிதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, ஏன்னா யூசர் வேற ஒரு இடத்துல இருந்து ஃபிங்கர்ப்ரின்ட்ட வாங்கிட்டு வந்து சரிபாத்தாத்தான் அத பேஸ்ட் பண்ணவே முடியும்.

முழு வாக்கியத்த டைப் பண்ணச் சொன்னா பாதுகாப்பு தானே?

இதுக்கு ஒரு உண்மைச் சம்பவமே இருக்கு. 2021 நவம்பர்ல லைனஸ் செபாஸ்டியன், பெரிய டெக் யூட்யூப் சேனல் நடத்துறவர், பாப் ஓஎஸ்ங்கிற லினக்ஸ்ல, கேம் வாங்கி ஆடுற ஸ்டீம் ஆப்ப இன்ஸ்டால் பண்ணப் பாக்குறார். கிராஃபிக்கல் ஸ்டோர்ல எரர் வருது, சரின்னு டெர்மினல்ல ஏபிடி-கெட் வழியா போறார். அந்த நேரத்துல ஸ்டீம் பேக்கேஜோட டிபென்டென்சில, அதாவது அதுக்குத் தேவையான மத்த பேக்கேஜ்கள்ல, ஒரு கோளாறு, அதனால ஸ்டீம உள்ள கொண்டு வரணும்னா டெஸ்க்டாப்பையே தூக்கணும்னு ஏபிடி கணக்குப் போட்டுடுச்சு. நீளமா பேக்கேஜ் லிஸ்ட் ஓடுது, அத்தியாவசிய பேக்கேஜ்கள் நீக்கப்படும்னு எச்சரிக்கை வருது, தொடரணும்னா "ஆமா, நான் சொன்னபடி செய்"ங்கிற அர்த்தத்துல ஒரு ஆங்கில வாக்கியத்த ஆச்சரியக்குறியோட அப்படியே டைப் பண்ணச் சொல்லுது. அவரும் டைப் பண்ணார். டெஸ்க்டாப் போச்சு.

அவர் படிக்காம அடிச்சது தப்புதான்னு நிறைய பேர் சொன்னாங்க. நான் அப்படிப் பாக்கல. ஸ்டீம் வேணும்னு கேட்ட ஒருத்தருக்கு, லிஸ்ட்டு நடுவுல பாப் டெஸ்க்டாப்புங்கிற பேர் பதுங்கிக் கிடக்கு, டைப் பண்ணச் சொன்ன வாக்கியத்துல எது போகப் போகுதுங்கிற தகவலே கிடையாது. எந்த ஆபத்துக்கும் ஒரே வாக்கியம்னா அது நீளமான ஒய் மட்டும்தான், நாலு எழுத்து கூட அடிக்க வெச்சா புரிதல் கூடிடாது. அதுக்கப்புறம் பாப் ஓஎஸ் ஆளுங்களும் சரி பண்ணாங்க, ஏபிடி 2.3.12-ல இருந்து அந்த வாக்கியமே கிடையாது, எரர் காட்டி நின்னுடும், வேணும்னே செய்றவங்களுக்கு அதுக்குன்னு தனி ஃப்ளாக் இருக்கு. சில விஷயத்துக்கு கேள்வியே கேக்கக் கூடாது, மறுத்துடணும்னு அவங்க வந்து சேந்த முடிவு எனக்கு சரின்னு படுது.

டைப் பண்ண வெச்சே ஆகணும்னா அழியப் போற பொருளோட பேர டைப் பண்ண வைங்க. கிட்ஹப்போட ஜிஎச் டூல்ல ஒரு ரெப்போவ (கோட் தொகுப்ப) டெலிட் பண்ணா அந்த ரெப்போ பேர முழுசா அடிக்கணும். ப்ரொடக்‌ஷன் டேட்டாபேஸோட பேர அடிக்கிறப்ப "ஐயோ நான் டெஸ்ட்ட தானே நினைச்சேன்"னு உறைக்க ஒரு வாய்ப்பு இருக்கு, பொதுவான வாக்கியத்துல அந்த வாய்ப்பு இல்ல.

கேள்விய எப்படி எழுதணும்?

"தொடரவா?"ன்னு மட்டும் எழுதாதீங்க. எதத் தொடர? மேல நூறு வரி லாக் ஓடியிருக்கும், யூசர் கடைசி வரிய மட்டும்தான் பாப்பார், அதனால கடைசி வரியிலயே விஷயம் முழுசா இருக்கணும். "ஸ்டேஜிங்-2 சர்வர்ல இருக்குற 14 பேக்கப் ஃபைல் அழியும், திரும்ப எடுக்க முடியாது. அழிக்கவா?" இப்படி. எந்த இடம், எத்தன, திரும்புமா, இந்த மூணும் வந்துட்டா போதும்.

கேள்விய எதிர்மறையாவும் கேக்காதீங்க, "டேட்டா அனுப்புறத நிறுத்தாம இருக்கவா?"ன்னா ஒய்-க்கு என்ன அர்த்தம்னு எழுதினவருக்கே குழப்பம் வரும். வேண்டாம்னு சொல்றவர குத்தம் சொல்ற மாதிரி வார்த்தைகளும் வேண்டாம், "வேண்டாம், எனக்கு பாதுகாப்பு தேவையில்ல"ங்கிற மாதிரி பதில யூசர் வாயில திணிக்கிறத சில டூல்ல பாத்திருக்கேன், அது அவர அவமானப்படுத்துற வேலை.

ஒரு கேள்விக்குள்ள ரெண்டு விஷயத்த கட்டவும் கூடாது. இதுக்கு, வெப்சைட்டுக்கான பாதுகாப்பு சர்ட்டிஃபிகேட் எடுத்துக் குடுக்குற சர்ட்பாட்ட பாருங்க. லெட்ஸ் என்க்ரிப்ட் சர்ட்டிஃபிகேட் எடுக்குறப்ப விதிமுறைகளுக்கு ஒத்துக்கிறீங்களான்னு தனியா கேக்கும், உங்க ஈமெயில டிஜிட்டல் உரிமைகளுக்கான இஎஃப்எஃப் அமைப்போட பகிரலாமான்னு தனியா கேக்கும். முதல்ல சொன்னதுக்கு ஒத்துக்கலன்னா சர்ட்டிஃபிகேட் கிடைக்காது, ரெண்டாவதுக்கு வேண்டாம்னு சொன்னா ஒண்ணும் குறையாது, வேலை அப்படியே நடக்கும். ஸ்கிரிப்ட்ல ஓட்டுறவங்களுக்கும் ரெண்டுக்கும் தனித்தனி ஃப்ளாக் குடுத்திருக்காங்க.

டெர்மினல்ல ஆளே இல்ல, ஸ்கிரிப்ட்டோ, கோட தானா பில்ட், டெஸ்ட் பண்ற சிஐ-யோ ஓட்டுது. அங்க யார்கிட்ட கேக்குறது?

யார்கிட்டயும் கேக்க முடியாது, அதனால யாரும் ஒத்துக்கலன்னு தான் எடுத்துக்கணும். ஸ்டாண்டர்ட் இன்புட், அதாவது டூலுக்குள்ள டேட்டா வர்ற வழி, டெர்மினலான்னு கண்டுபிடிக்க பெரும்பாலான மொழில ஈஸியான வழி இருக்கு, பொதுவா ஐஸ்-ஏ-டிடிஒய்-ன்னு ஒரு ஃபங்ஷன். டெர்மினல் இல்லன்னா கேள்விய பிரின்ட் பண்ணிட்டு காத்துட்டு நிக்காதீங்க, சிஐ ஜாப் டைம் அவுட் ஆகுற வரைக்கும் தொங்கிட்டு இருக்கும், யாருக்கும் காரணம் புரியாது. உடனே எரர் குடுங்க, ஜீரோ இல்லாத எக்ஸிட் கோட் குடுங்க (ஜீரோன்னா வேலை சரியா முடிஞ்சதுன்னு அர்த்தம்), எந்த ஃப்ளாக் சேத்தா ஓடும்னு அந்த எரர்லயே எழுதுங்க.

ரஸ்ட் மொழிய இன்ஸ்டால் பண்ற ரஸ்ட்அப் இத அழகா செய்யும். அத கர்ல் கமாண்டால டவுன்லோட் பண்ணி அப்படியே ஷெல்லுக்கு அனுப்பி (பைப் பண்ணி) தான் எல்லாரும் ஓட்டுறாங்க, அப்போ ஸ்டாண்டர்ட் இன்புட்ல ஸ்கிரிப்ட் தான் வந்துட்டு இருக்கும், யூசரோட கீபோர்ட் கிடையாது. அதனால டெர்மினலக் குறிக்கிற டிடிஒய் டிவைஸ நேரடியா திறந்து கேக்கும், டெர்மினலே இல்லன்னா இன்டராக்டிவா ஓட முடியல, டிஃபால்ட்ட ஏத்துக்கிறதா இருந்தா ஒய் ஃப்ளாக் குடுங்கன்னு சொல்லிட்டு நின்னுடும்.

என்பிஎக்ஸ் வேற மாதிரி, ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ் மேனேஜரான என்பிஎம்மோட வர்ற, பேக்கேஜ இறக்கி உடனே ஓட்டுற டூல் அது. என்பிஎம் 7 வர்றதுக்கு முன்னாடி நீங்க பேக்கேஜ் பேர தப்பா அடிச்சாக் கூட அந்தப் பேர்ல ஏதாவது இருந்தா டவுன்லோட் பண்ணி ஓட்டிடும், 7-ல இருந்து இந்த பேக்கேஜ இன்ஸ்டால் பண்ணணும், சரியான்னு கேக்க ஆரம்பிச்சாங்க, நல்ல மாற்றம். ஆனா டெர்மினல் இல்லன்னாலோ சிஐ-ன்னு தெரிஞ்சாலோ "சரி"ன்னு தானா எடுத்துக்கும். பழைய பில்ட் எதுவும் உடையக் கூடாதுன்னு அந்த முடிவு எடுத்திருப்பாங்கன்னு புரியுது, இருந்தாலும் எனக்கு உடன்பாடு இல்ல, ஆள் இல்லாத இடத்துல தெரியாத கோட் ஓடுறது தான் ரொம்ப ஆபத்து.

இன்புட் காலியா வந்தா, தப்பா டைப் பண்ணா, கன்ட்ரோல் சி அடிச்சா?

பதிலே வராம இன்புட் முடிஞ்சதுன்னு (எண்ட் ஆஃப் ஃபைல்) வந்தா "வேண்டாம்". புரியாத பதில் வந்தா மறுபடி கேளுங்க, இல்ல "வேண்டாம்"னு எடுத்துக்கங்க, ஒருநாளும் "சரி"ன்னு எடுத்துக்காதீங்க. கிளவுட் சர்வர்கள அமைக்கிற டெராஃபார்மோட அப்ளை கமாண்ட்ல "எஸ்"னு முழுசா அடிச்சாத்தான் ஓடும், வெறும் ஒய் அடிச்சாக் கூட கேன்சல் ஆயிடும், கடுமையா இருந்தாலும் அது கையாளுற விஷயத்துக்கு சரிதான். கன்ட்ரோல் சி-ன்னா நிறுத்து, அந்தக் கேள்விய மட்டும் தாண்டி அடுத்த ஸ்டெப்புக்கு ஓடக் கூடாது.

நிறைய பேர் மறக்குற ஒண்ணு, யூசர் முன்னாடியே அடிச்சு வெச்ச என்டர். டூல் மெதுவா ஓடிட்டு இருக்கு, ஸ்க்ரீன் அசையல, உயிரோட இருக்கான்னு பாக்க ரெண்டு தடவ என்டர் தட்டுறார், அது பஃபர்ல உக்காந்திருக்கு, அரை நிமிஷம் கழிச்சு உங்க கேள்வி வந்த உடனே அந்த என்டரே பதிலாப் போயிடுது. அவர் அந்தக் கேள்விய பாக்கவே இல்ல. ஆபத்தான கேள்விக்கு முன்னாடி டிசி-ஃப்ளஷ் கூப்பிட்டு பஃபர காலி பண்ணிட்டு கேளுங்க, ஒரு வரி கோட் தான்.

பத்து செகண்ட்ல பதில் வரலன்னா தானா தொடரும்னு கவுன்ட்டவுன் போடுறதும் இதே தப்புதான். டீ குடிக்கப் போனவர் எதுக்கும் ஒத்துக்கல.

ஒய் ஃப்ளாக் குடுத்துட்டா எல்லாத்துக்கும் சரிதானே?

சாதாரண கேள்விகளுக்கு சரி. ஏபிடி-கெட்ல ஒய் குடுத்தாலும், அத்தியாவசிய பேக்கேஜ தூக்கணும், கையெழுத்து சரிபாக்காத பேக்கேஜ போடணும், மாத்தாதன்னு ஹோல்ட்ல வெச்சத மாத்தணும்னு வந்தா நின்னுடும், ஒவ்வொண்ணுக்கும் நீளமான பேரோட தனி ஃப்ளாக். ஃப்ளாக எழுதினவர் ஆறு மாசம் முன்னாடி எழுதினார், இன்னிக்கு வர்ற ஆபத்து அவருக்கு அன்னிக்குத் தெரியாது, அதனால அந்த ஒய்-ய எவ்வளவு தூரம் இழுக்கலாம்ங்கிறதுக்கு ஒரு எல்லை வேணும்.

டெராஃபார்ம்ல இருக்குற இன்னொரு ஏற்பாடு இதுக்கு நல்ல வழி. என்னென்ன மாறப் போகுதுங்கிற ப்ளான ஃபைலா சேவ் பண்ணி, ஒருத்தர் அதப் படிச்சுப் பாத்துட்டு, அப்புறம் அந்த ஃபைலையே அப்ளைக்கு குடுத்தா கேள்வி கேக்காம ஓடும். இடையில நிலவரம் மாறிடுச்சுன்னா ப்ளான் பழசாயிடுச்சுன்னு மறுத்துடும். எதப் பாத்து ஒத்துக்கிட்டாரோ அது மட்டும்தான் நடக்கும்.

யூனிக்ஸ்ல "எஸ்"ங்கிற வார்த்தையோட பேர்லயே ஒரு கமாண்ட் இருக்கு, 1979-ல வந்த ஏழாவது எடிஷன்லயே உண்டு, நிறுத்துற வரைக்கும் ஒய் ஒய்னு கொட்டிட்டே இருக்கும். யூசர்கள் அத உங்க டூலுக்கு பைப் பண்றாங்கன்னா அவங்கள திட்டாதீங்க, நீங்க ஒழுங்கான ஃப்ளாக் குடுக்கலன்னு அர்த்தம்.

டெலிமெட்ரி (டூல எப்படி யூஸ் பண்றாங்கங்கிற டேட்டாவ அனுப்புறது) டிஃபால்ட்டா ஆன்ல இருக்கு, முதல் தடவ ஓட்டுறப்ப ஒரு நோட்டீஸ் காட்டுறோம், எப்ப வேணா ஆஃப் பண்ணலாம். இது போதாதா?

நோட்டீஸ் காட்டுறது ஒளிச்சு செய்றத விட ரொம்ப மேல், அத ஒத்துக்கிறேன். ஆனா அறிவிப்பு வேற, அனுமதி வேற. கடைல மீதி சில்லறைக்கு கேக்காமலே சாக்லேட் வெக்கிறாங்களே, வேண்டாம்னா திருப்பிக் குடுக்கலாம்தான், முக்கால்வாசி பேர் குடுக்க மாட்டாங்க, அதுக்காக எல்லாரும் சாக்லேட் கேட்டாங்கன்னு கடைக்காரர் சொல்ல முடியாது.

டாட் நெட் எஸ்டிகே, நெக்ஸ்ட் ஜேஎஸ் ரெண்டும் இப்படித்தான், டிஃபால்ட் ஆன், நிறுத்த என்விரான்மென்ட் வேரியபிள் (ஷெல்ல செட் பண்ணி வெக்கிற ஒரு மதிப்பு). மேக்ல பேக்கேஜ் ஏத்துற ஹோம்ப்ரூ 2016-ல அனலிட்டிக்ஸ் கொண்டு வந்தப்ப நிறைய எதிர்ப்பு வந்துச்சு, இன்னிக்கும் டிஃபால்ட் ஆன்தான், ஆனா நோட்டீஸ் காட்டுற அந்த முதல் ரன்ல எதுவும் அனுப்ப மாட்டோம்னு சொல்றாங்க, சேந்த கணக்க வெப்சைட்ல எல்லாரும் பாக்குற மாதிரி போடுறாங்க, 2023-ல கூகுள் அனலிட்டிக்ஸ விட்டுட்டு ஐரோப்பால இருக்குற இன்ஃப்ளக்ஸ்டிபி சர்வருக்கு மாற ஆரம்பிச்சாங்க. டிஃபால்ட் ஆன்ல வெக்கிறவங்கள்ல இவ்வளவு தூரம் போறவங்க கம்மி, குறைஞ்சபட்சம் அந்த முதல் ரன் விதியயாவது எல்லாரும் எடுத்துக்கணும்.

கோ மொழி கதைதான் என்னப் பொறுத்தவரைக்கும் முக்கியம். 2023 பிப்ரவரில, அப்ப கோ டீமோட டெக் லீடா இருந்த ரஸ் காக்ஸ் கோ டூல்செயினுக்கு டெலிமெட்ரி வேணும்னு நீளமா எழுதினார், ரொம்ப யோசிச்சு செஞ்ச டிசைன், யூசர் ஐடி கிடையாது, வெறும் கவுன்ட்டர்கள், சாம்பிள் எடுத்தாப் போதும், எல்லாருமே ஒவ்வொரு வாரமும் அனுப்பத் தேவையில்ல. ஆனா டிஃபால்ட் ஆன்னு இருந்துச்சு. டெவலப்பர்கள் ஒத்துக்கல. கொஞ்ச வாரத்துலயே அவர் டிசைன மாத்தினார், யூசரே ஆன் பண்ணாத்தான் அனுப்பும்னு. 2024 ஆகஸ்ட்ல வந்த கோ 1.23-ல அது அப்படியே வந்துச்சு, டிஃபால்ட் நிலைல கணக்கு உங்க மெஷின்லயே இருக்கும், எங்கயும் போகாது, நீங்களே பாத்துக்கலாம், கோ டெலிமெட்ரி ஆன்-ன்னு அடிச்சா தான் வெளிய போகும், ஆஃப் அடிச்சா சேக்கவும் செய்யாது. முதல்ல என்ன இருக்குன்னு பாரு, அப்புறம் முடிவெடுங்கிற இந்த வரிசைய நான் பார்த்த எல்லாத்துலயும் நேர்மையானதா நினைக்கிறேன்.

கேட்டா யாரும் குடுக்க மாட்டாங்களே, அப்புறம் டேட்டாவுக்கு எங்க போறது?

கம்மியா தான் வரும். அதுதான் உங்களுக்கு உரிமையுள்ள அளவு. டெபியன் அந்த பாப்புலாரிட்டி கான்டெஸ்ட் கணக்க வெச்சுதான் எந்த பேக்கேஜ் முதல் சிடில போகணும்னு வரிசைப்படுத்தினாங்க, விருப்பப்பட்டு சேந்தவங்க டேட்டாலயே அந்த வேலை நடந்துச்சு. வெப் ஆப் எழுத உதவுற ஆங்குலரோட கமாண்ட் லைன் டூலான ஆங்குலர் சிஎல்ஐ-யும் ப்ராஜெக்ட் தொடங்குறப்ப நேராவே கேக்குது, யாருக்குப் போகுது, எந்த பாலிசிக்குக் கீழ, எப்படி நிறுத்துறதுன்னு கேள்வியிலயே இருக்கு, டிஃபால்ட் "வேண்டாம்". கேள்விய நல்லா எழுதி, எதுக்குன்னு சொல்லி, அனுப்பப் போறதோட மாதிரியையும் காட்டினா குடுக்குறவங்க இருக்காங்க.

சட்டம் எதாவது இருக்கா?

தனிநபர் தகவல் அதுல இருந்தா இருக்கு. ஐரோப்பால தனிநபர் தகவல் சட்டமான ஜிடிபிஆர் 2018 மே 25-ல அமலுக்கு வந்தது, சும்மா இருக்குறதும் முன்னாடியே டிக் பண்ணி வெச்ச பெட்டியும் சம்மதம் ஆகாதுன்னு அதோட முன்னுரையிலயே இருக்கு, 2019 அக்டோபர்ல ப்ளானெட்49 வழக்குல ஐரோப்பிய நீதிமன்றமும் குக்கி விஷயத்துல அதையே சொன்னது. குடுக்குறது எவ்வளவு சுலபமோ திரும்ப எடுக்குறதும் அவ்வளவு சுலபமா இருக்கணும்னும் இருக்கு. இந்தியால டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, அதோட விதிகள் 2025 நவம்பர்ல அறிவிச்சு படிப்படியா அமலுக்கு வருது, அதுலயும் சம்மதம்னா தெளிவான செயலால குடுத்ததா இருக்கணும், அந்தக் கேள்விய ஆங்கிலத்துலயோ எட்டாவது அட்டவணை மொழிகள்லயோ படிக்கிற வழி குடுக்கணும்னு இருக்கு, தமிழும் அந்த அட்டவணைல உண்டு. உங்க டூலுக்கு எது பொருந்தும்னு வக்கீல்கிட்ட கேளுங்க, ஆனா சட்டம் தொடாத இடத்துலயும் யூசர் யூசர்தான்.

வேண்டாம்னு சொன்னவர்கிட்ட மறுபடி எப்ப கேக்கலாம்?

கேட்ட விஷயம் மாறினா மட்டும். புதுசா வேற டேட்டா அனுப்பப் போறீங்கன்னா கேளுங்க, "சரி"ன்னு சொன்னவர்கிட்டயும் கேளுங்க. வெர்ஷன் ஏத்தினதுக்காக பழைய பதில துடைச்சுட்டு மறுபடி கேக்குறது கூடாது. "சரி"ய கான்ஃபிக்ல சேவ் பண்ணிட்டு "வேண்டாம்"ம மட்டும் சேவ் பண்ணாத டூல்கள் இருக்கு, கேட்டா பக்-குன்னு சொல்வாங்க, ஆனா எப்பவும் ஒரே பக்கமா சாயுற பக் அது. "அப்புறம் பாக்கலாம்"னு ஒரு பதில மட்டும் வெச்சுட்டு "வேண்டாம்"மையே எடுத்துடுறதும் இதே கணக்குதான்.

கன்டெய்னர்ல ஓட்டுறவங்களுக்கு ஒவ்வொரு தடவையும் ஹோம் ஃபோல்டர் புதுசு, சேவ் பண்ணது நிக்காது, அதனால என்விரான்மென்ட் வேரியபிளும் வேணும். உங்க டூலுக்குன்னு ஒண்ணு வைங்க, கூடவே டு நாட் ட்ராக்-குன்னு பொதுவா ஒரு வேரியபிள் முன்மொழிஞ்சிருக்காங்க, 1-ன்னு இருந்தா எல்லா டூலும் எதையும் அனுப்பக் கூடாதுங்கிறது அதோட அர்த்தம், அதையும் மதிங்க.

பாத் (கமாண்டத் தேடுற ஃபோல்டர் லிஸ்ட்), பாஷ் கான்ஃபிக் எல்லாம் மாத்தலாமா?

எந்த ஃபைல்ல எந்த வரின்னு காட்டிட்டு கேட்டு மாத்தலாம். ரஸ்ட்அப் எந்தெந்த ஃபைலத் தொடப் போறேன்னு முன்னாடியே லிஸ்ட் போடும், வேண்டாம்னா அதுக்கு ஃப்ளாக் இருக்கு, அன்இன்ஸ்டால் பண்ணா எழுதினத எடுத்துடும். வேண்டாம்னு சொன்னவருக்கு அந்த வரிய ஸ்க்ரீன்ல குடுங்க, அவரே போட்டுக்குவார்.

அட்மின் உரிமையோட ஓட்டுற சுடோவுக்கு பாஸ்வேர்டு குடுத்துட்டார்ல?

அந்த ஒரு கமாண்டுக்கு குடுத்தார். சுடோ கொஞ்ச நேரம் பாஸ்வேர்டு கேக்காம விடும், அந்த இடைவெளிய யூஸ் பண்ணி இன்ஸ்டாலர் வேற சிஸ்டம் சர்வீஸ் ஒண்ணையும் ஏத்திட்டுப் போனா அது திருட்டுத்தனம்.

இன்ஸ்டால் முடிஞ்சதும் ஸ்பான்சர் விளம்பரம் காட்டலாமா?

2019 ஆகஸ்ட்ல ஸ்டாண்டர்ட்-ங்கிற ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்ல இத செஞ்சு பாத்தாங்க, எதிர்ப்பு கிளம்பினதும் நிறுத்திட்டாங்க. ஓபன் சோர்ஸ் எழுதுறவங்களுக்கு காசு வேணும்ங்கிறது நியாயமான பிரச்சனை, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. அதே வருஷம் என்பிஎம்ல ஃபண்ட்-னு கமாண்ட் வந்தது, யாருக்கு உதவி தேவைன்னு யூசர் கேட்டா காட்டும், இன்ஸ்டால் முடிவுல ஒரே ஒரு வரி வரும், அதையும் நிறுத்தலாம். அந்த அளவு சரி.

இப்ப ஏஐ ஏஜென்ட் தான் டெர்மினல ஓட்டுது, அதுவே ஒய் அடிச்சுடுதே?

இதுக்கு முழுத் தீர்வு இன்னும் யார்கிட்டயும் இல்லன்னு தான் நினைக்கிறேன். ஏஜென்ட் நிஜ டெர்மினல் மாதிரியே ஒண்ணத் திறந்து ஓட்டினா உங்க டூலுக்கு வித்தியாசம் தெரியாது, கேள்விக்கு பதிலும் அதுவே அடிக்கும், பின்னாடி இருக்குற மனுஷன் எதையும் பாக்கல. ஏஜென்ட் எழுதுறவங்க பக்கம், வேற டூல் கேக்குற கேள்விய யூசர்கிட்ட கொண்டு போகணும், தானே முழுங்கக் கூடாது, ஃபைல் லிஸ்ட் மட்டும் காட்டுற ஒவ்வொரு எல்எஸ் கமாண்டுக்கும் அனுமதி கேட்டு அவர களைக்க வெக்கவும் கூடாது, படிக்கிறதுக்கு தாராளமா விட்டுட்டு எழுதுறது, அழிக்கிறது, நெட்வொர்க்குக்குப் போறதுல மட்டும் நிறுத்தணும். "இந்த ஒரு தடவ", "இந்த செஷன் முழுக்க", "இந்த ஃபோல்டருக்குள்ள மட்டும்"னு அனுமதிக்கு எல்லை தெளிவா இருக்கணும். டூல் எழுதுறவங்க பக்கம், கேள்விய மட்டும் நம்பி இருந்த காலம் முடிஞ்சது, ட்ரை ரன், திருப்பி எடுக்குற வழி, டோக்கனுக்கு குறைஞ்ச பெர்மிஷன், இதெல்லாம் இப்ப ரொம்ப முக்கியம். ஜிஎச்-ல ரெப்போ டெலிட் பண்ண டோக்கன்ல அதுக்குன்னு தனி ஸ்கோப் வேணும், யூசர் முன்னாடி வாங்கி வெக்கலன்னா ஏஜென்ட் எத்தன ஒய் அடிச்சாலும் நடக்காது.

ஏற்கனவே ஓடிட்டு இருக்குற டூல்ல இப்ப கேள்வி சேத்தா எல்லார் ஸ்கிரிப்ட்டும் உடையுமே?

உடையும், அதனால ரெண்டு ரிலீஸா பிரிங்க. முதல் ரிலீஸ்ல ஃப்ளாக மட்டும் சேருங்க, அடுத்த ரிலீஸ்ல கேள்வி வரும், இந்த ஃப்ளாக இப்பவே சேத்துடுங்கன்னு எச்சரிக்கை ஸ்டாண்டர்ட் எரர்ல போடுங்க, ஸ்டாண்டர்ட் அவுட்புட்ல போட்டா அத பார்ஸ் பண்றவங்க ஸ்கிரிப்ட் குழம்பும். அடுத்ததுல கேள்விய ஆன் பண்ணுங்க.

இதையெல்லாம் டெஸ்ட் பண்ண முடியுமா?

முடியும், சுலபம்தான். ஸ்டாண்டர்ட் இன்புட்ட, எதுவுமே வராத டெவ் நல்-ல இருந்து குடுத்து ஓட்டுங்க. காலி வரி குடுங்க. ஒய்-க்கு முன்னாடி ஸ்பேஸ் விட்டு, கேப்ஸ்ல, "எஸ்"ஸ தப்பா எழுதி, தமிழ்ல "ஆமா"ன்னு அடிச்சு எல்லாம் பாருங்க. கேள்வி ஸ்க்ரீன்ல நிக்கிறப்ப கன்ட்ரோல் சி அடிங்க, டெர்மினல் விண்டோவையே மூடுங்க. நெட்வொர்க் ட்ராஃபிக்க பாத்துட்டே "வேண்டாம்"னு சொல்லுங்க. ஒவ்வொண்ணுக்கும் அப்புறம் டிஸ்க் முன்ன இருந்த மாதிரியே இருக்கா, ஒரு பைட் கூட வெளிய போகலையா, எக்ஸிட் கோட் ஜீரோவா இல்லாம இருக்கான்னு செக் பண்ணுங்க. "சரி"ங்கிற பதிலுக்கு ஒரு டெஸ்ட் எழுதினா "வேண்டாம்"முக்கு அஞ்சாறு எழுதுங்க, அந்தப் பக்கம் உடைஞ்சா கம்ப்ளெய்ன்ட் பண்ண பெரும்பாலும் யாருக்கும் தெரியாது.